பாதி வீட்டுக்கு முன்பணம்

அன்று ஜனீன் ஆக்ஸ்டபியின் சமையலறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஃப்ரிட்ஜை ஒட்டிய நாற்காலியில் ஜனீன். அவளுக்கு எதிரே, பின்கதவுப் பக்கம், அவள் அண்ணன் நெவில். அவன் உட்கார்ந்ததைவிட எழுந்து நின்றதுதான் அதிகம். ஆனாலும் அந்த இடம் அவனுடையது. மேஜையின் நீளப் பக்கத்தில், நாற்காலி பற்றாமல் மாடியிலிருந்து இறக்கிய ஸ்டூலில், ஹல் நகரத்திலிருந்து வந்திருந்த கடன் தரகர் பெக். மீதி நாற்காலி எனக்கு. நடுவில் ஸ்பீக்கரில் போட்ட ஜனீனின் கைபேசி. அதில் உள்ளாட்சிக் கவுன்சில் அலுவலகத்தின் காத்திருப்பு இசை, ஒரே மெட்டு, மதியச் சாப்பாட்டிலிருந்து சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

இதை இவ்வளவு ஒழுங்காக எழுதக் காரணம் உண்டு. பின்னால் நெவில் கிளப்பில் சொன்ன கதையில் பெக் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அழுதேன். பெக் புகைக்கிறவர் இல்லை. நான் அழவும் இல்லை.

எனக்கு அடுத்த வீடு. தெருவில் யாருக்கு அலுவலகக் கடிதம் வந்தாலும் பதில் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். அன்று காலை ஜனீனுக்கு வந்திருந்தது. உங்கள் வங்கிக் கணக்கில் பதினாறாயிரம் பவுண்டுக்கு மேல் இருப்பதாகத் தெரிகிறது, ஆகவே வரும் திங்கள் முதல் வாடகை உதவி நிறுத்தப்படுகிறது, மறுப்பு இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும் என்று கவுன்சில் எழுதியிருந்தது.

ஜனீனுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநேர வேலை. கணவன் இல்லை, பதினைந்து வயது மகள் மேகன் இருக்கிறாள். வாடகையில் பெரும்பகுதியைக் கவுன்சில்தான் கொடுத்து வந்தது. இப்போது வீட்டுக்காரர் வீட்டை விற்கிறார். காலி செய்ய நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. வாசலில் நட்டிருந்த ‘விற்பனைக்கு’ப் பலகை கடல்காற்றில் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. உதவி வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரான விதர்ன்சீயில் யாரும் வீடு விடுவதில்லை. வேறு வழி கேட்டதற்குக் கவுன்சில், பிரிட்லிங்டனில் விடுதி அறை ஒன்று கிடைக்கலாம் என்றது. அங்கிருந்து மேகன் பள்ளிக்கு வர விடியுமுன் கிளம்ப வேண்டும். அவளுக்கு அது பெரிய பரீட்சை எழுதும் வருடம்.

இந்த நிலையில்தான் பங்கு வீடு அமைந்தது. பழைய ரயில்பாதைக்குப் பின்னால் வீட்டு வசதிச் சங்கம் ஒன்று புதிதாக வரிசை வீடுகள் கட்டியிருந்தது. பாதி வீட்டை ஜனீன் வங்கிக் கடனில் வாங்கலாம். மீதிப் பாதி சங்கத்துடையது; அதற்கு அவள் வாடகை கட்ட வேண்டும்; அந்த வாடகைக்குக் கவுன்சில் உதவி உண்டு. அந்த உதவியை நம்பித்தான் வங்கி கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிவரை சங்கம் வீட்டை அவளுக்காக வைத்திருக்கும். அதற்குள் உதவி தொடர்கிறது என்று கவுன்சில் சொல்லாவிட்டால் கடன் இல்லை, வீடு இல்லை.

“ஐயாயிரத்தி ஐந்நூறு முன்பணம் இருந்தா போதும்னுதானே சொன்னேன்?” என்றாள் ஜனீன். அதை அவள் அன்று எத்தனையாவது தடவை சொன்னாள் என்று தெரியாது.

“நீ சொன்னே. நான் போதும்ங்கிற இடத்துல நிக்கிற ஆளா? லீவுக்குப் போய்த் தங்கற கேரவன் வண்டியை வித்த பணம் பதினேழாயிரத்தையும் போட்டேன். இந்த ஊர்ல எந்த அண்ணன் போடுவான், சொல்லு பார்ப்போம்?”

“ஒருத்தனும் போடமாட்டான். அதனாலதான் இந்த ஊர்ல எந்தத் தங்கச்சிக்கும் உதவி நிக்கல.”

நெவில் எழுந்து கெட்டிலின் பொத்தானைத் தட்டினான். ஏற்கெனவே கொதித்திருந்த தண்ணீர் மறுபடி கொதித்தது. யாரும் தேநீர் கேட்கவில்லை.

பெக் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல, மிஸ்டர் ஆக்ஸ்டபி,” என்றார். “தேவையானதை மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை உங்க கணக்குலயே வெச்சிருக்கலாமே?”

“என் கணக்குலயா? நல்லா சொன்னே தம்பி! எனக்கும் வாடகை உதவி வருதுல்ல. துறைமுகத்துல முதுகு போனதுல இருந்து நான் அதுலதான் ஓடிக்கிட்டிருக்கேன். பதினேழாயிரத்தைப் பார்த்தா அன்னிக்கே நிறுத்திருவான்.”

“அதனால இவங்க கணக்குல போட்டீங்க.”

“பின்னே? அந்தப் பதினாறாயிரம் கோடு என்னை மாதிரி வேலைக்குப் போகாதவனுக்குத்தான்னு நினைச்சேன். இவ காலைல எந்திரிச்சுப் போய் நூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறா. வேலைக்குப் போறவளுக்கு என்ன கோடு?”

“எல்லாருக்கும் ஒரே கோடுதாங்க.”

“அது நியாயமா?”

“நியாயம் பத்தி எனக்குத் தெரியாது. கோடு அதுதான்.”

நெவிலைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் உதவி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தன் தலைக்கு மேலுள்ள விதி மட்டும்தான் தெரியும். அடுத்தவருக்கு உள்ளது இதைவிட இளகிய விதி என்று எல்லாருக்குமே ஒரு நினைப்பு.

“சரி, ஆனது ஆச்சு,” என்று நெவில் என் பக்கம் திரும்பினான். “எனிட், நீ எழுது. ‘அந்தப் பணம் என் அண்ணனோடது, சும்மா என் கணக்குல வெச்சிருக்கேன்.’ அவ்வளவுதான். முடிஞ்சுது கதை.”

நான் பேனாவைத் திறக்கவில்லை. பெக்கைப் பார்த்தேன். பெக் தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மேஜைமேல் வைத்தார். போன வாரம் வங்கிக்காக நெவில் கையெழுத்துப் போட்ட பரிசுப் பத்திரம். பதினேழாயிரம் பவுண்டை என் தங்கைக்குப் பரிசாகக் கொடுக்கிறேன், திருப்பிக் கேட்கமாட்டேன், அந்த வீட்டில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. கீழே நெவிலின் கையெழுத்து. ஒரு கப்பல் மாலுமி போடுகிற மாதிரி பெரிய சுழி.

“வங்கிக்கு இது உங்க தங்கச்சி பணம். கவுன்சிலுக்கு உங்க பணம். ஒரே பணம்,” என்றார் பெக். “ரெண்டு காகிதமும் என்னிக்காவது ஒரே மேஜையில சந்திச்சா, அதுக்கு மோசடின்னு பேருங்க. என் உரிமமும் சேர்ந்து போகும்.”

“எந்த மேஜையில சந்திக்கப் போகுது? அவன் ஒரு ஊர்ல இருக்கான், இவன் ஒரு ஊர்ல இருக்கான்.”

“நெவில்,” என்றாள் ஜனீன். “உன் பணம்னு எழுதினா உன் உதவி நிக்கும். அது தெரியுதா?”

“அதான் உன் கணக்குல போட்டேன்னு சொல்றேன்ல!”

“என் கணக்குல போட்டதாலதான் என்னோடது நிக்குது!”

“அப்போ யார் கணக்குலதான் போடறது? எனிட் கணக்குலயா?”

“எனக்கு வேண்டாம்,” என்றேன்.

அந்த நேரம் பார்த்து முன்கதவு திறக்கும் சத்தம். “ஹலோ! நாங்கதான்!” வீடு விற்கும் அலுவலகத்துப் பெண், சாவி அவளிடமே இருந்தது. பின்னால் லீட்ஸிலிருந்து வந்த ஒரு தம்பதி. இன்று வருவதாகச் சொல்லியிருந்ததை ஜனீன் மறந்துவிட்டிருந்தாள். அவர்கள் எங்களைத் தாண்டி, எங்கள் முழங்கால்களைத் தாண்டி, சமையலறையை அளந்தார்கள். அந்த ஆள் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அவர் மனைவி அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த பீன்ஸ் டின்களைப் பார்த்து, மூடினாள்.

“கூரை ஒழுகுமா?” என்று கேட்டாள்.

“ஒழுகுமாவா?” என்றான் நெவில். “போன குளிர்காலம் பூரா இவ குடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினா.”

“ஒழுகாதுங்க,” என்றாள் ஜனீன். “அவன் இந்த வீட்டுல இருக்கறவன் இல்ல.”

“எலி ஏதாவது?”

“இருந்துச்சு,” என்றான் நெவில். “வாடகை கட்ட முடியாம காலி பண்ணிட்டுப் போயிருச்சு.”

அந்தப் பெண் சிரிக்கலாமா என்று கணவனைப் பார்த்தாள். ஜனீன், “எலி இல்லைங்க. பின்பக்கத்து அறையில கொஞ்சம் ஈரம் வரும், ஜன்னல் ஓரமா. அதைப் பார்த்துக்கங்க,” என்றாள். மேலே படியேறும் சத்தம், கதவுகள் திறந்து மூடும் சத்தம். மேகனின் அறையில் அவர்கள் நெடுநேரம் நின்றார்கள். கட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று பேசிக்கொள்வது கூரை வழியாகக் கேட்டது. ஜனீன் கைபேசியைப் பார்த்தபடியே இருந்தாள். அதே மெட்டு.

அவர்கள் போனதும் நெவில் வெடித்தான். “உன்னை வீட்டை விட்டு அனுப்ப வந்தவங்களுக்கு நீயே சர்டிஃபிகேட் குடுக்கறே. உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?”

“கேட்டாங்க. சொன்னேன். நீ புளுகினா மட்டும் வீட்டுக்காரர் விக்காம விட்டுருவாரா?”

“ஒரு வாரமாவது தள்ளிப் போகும்ல.”

“எனக்குத் தள்ளிப்போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு, நெவில். பெட்டியைக் கட்டறதா அவுக்கறதான்னு தெரியாம மூணு மாசமா இருக்கேன். மேகன் மழைக்கோட்டைக் கொக்கியில மாட்டறதே இல்ல. எதுக்கு மாட்டணும்னு கேக்குறா.”

வெளியே பலகை அடித்தது.

பெக் பரிசுப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல ஒரு இடம் நிரப்பாம இருக்கு. வங்கியில கேட்டுட்டாங்க. பரிசு குடுத்தவருக்குப் பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு.”

“கேரவன் வித்து. எத்தனை தடவை சொல்றது? நம்ம கடற்கரை மேட்டுல இருந்த கேரவன். பார்ன்ஸ்லில இருந்து வந்த ஒரு ஜோடிக்கு வித்தேன். ரொக்கம் இல்ல, வங்கி வழியா நேரா இவ கணக்குக்கு.”

“அது சரி. கேரவன் யார் பேர்ல இருந்துச்சு?”

நெவில் உட்கார்ந்தான், அன்று முதல் தடவையாக ஒழுங்காக, நாற்காலியில் முதுகு படும்படி.

“அம்மா பேர்ல,” என்றான்.

“அம்மா…?”

“வசந்த காலத்துல தவறிட்டாங்க,” என்றாள் ஜனீன்.

“உயில்?”

“எங்கம்மாவா?” நெவில் சிரிக்கப் பார்த்தான். “கடைக்குப் போறப்போ சாமான் பட்டியல்கூட எழுத மாட்டாங்க.”

பெக் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு, தன் தொழிலில் இதையெல்லாம் நூறு தடவை சொல்லிப் பழகியவர் குரலில், “உயில் இல்லைன்னா பிள்ளைங்களுக்குச் சமம்,” என்றார். “நீங்க எத்தனை பேர்?”

“தெரியாத மாதிரி கேக்காதே தம்பி. ரெண்டு பேரும் இங்கதான் உட்கார்ந்திருக்கோம்.”

“அப்போ…”

“அப்போ ஒண்ணும் இல்ல! அம்மா என்கிட்ட சொன்னாங்க, ‘வண்டி உனக்கு’ன்னு. மேட்டுக்கு வருஷ வாடகை கட்டினது யாரு? கடல் அரிச்சு மேடு சரிஞ்சப்போ, முதுகை வெச்சுக்கிட்டு, வண்டியைப் பின்னால வரிசைக்கு இழுத்து வெச்சது யாரு? கூரைக்குத் தார் பூசினது யாரு? இவ வந்தாளா? ஆகஸ்ட்ல ஒரு வாரம் வருவா, சிப்ஸ் தின்னுட்டு, துண்டைக் காயப்போட்டுட்டுப் போவா.”

“என்கிட்டயும் சொன்னாங்க,” என்றாள் ஜனீன் மெதுவாக.

“என்ன சொன்னாங்க?”

“‘வண்டி உங்க ரெண்டு பேருக்கும்’னு.”

“எப்போ?”

“கடைசியில. ஆஸ்பத்திரியில.”

“இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கல?”

“நீ அவ்வளவு சந்தோஷமா வந்து, ‘உனக்கு வீடு வாங்கித் தரேன்’னு சொன்னே. நான் என்ன சொல்றது? என் பங்கை எனக்கே பரிசாக் குடுக்கறியேன்னா?”

நெவிலின் கழுத்து சிவந்தது. அவன் வாயைத் திறந்தான். அப்போதுதான் இசை நின்றது.

நாங்கள் நான்கு பேரும் கைபேசியைப் பார்த்தோம். அந்த மெட்டு இல்லாத சமையலறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

“வாடகை உதவிப் பிரிவு. ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டோம், மன்னிச்சுக்கோ. சொல்லு கண்ணு.” ஒரு நடுவயதுப் பெண்ணின் குரல். பின்னணியில் யாரோ தும்மினார்கள்.

ஜனீன் பெயரும் எண்ணும் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம்.

“ம், பார்த்துட்டேன். பதினேழாயிரம் வந்திருக்கு, போன மாசம். இது உன் பணமா, கண்ணு?”

நெவில் மேஜைக்கு மேல் பாதி உடம்பை நீட்டி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தான்: என்னோடது. அண்ணனோடதுன்னு சொல்லு. பெக் கூரையைப் பார்த்தார். பரிசுப் பத்திரம் ஜனீனின் முழங்கையருகில் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.

“ஹலோ? இருக்கியா?”

“இருக்கேன்,” என்றாள் ஜனீன். “பாதி என்னோடது.”

“பாதியா?”

“எங்கம்மாவோட கேரவன். அவங்க போயிட்டாங்க. வித்தோம். பாதி எனக்கு, பாதி என் அண்ணனுக்கு. முழுசும் என் கணக்குல வந்துருச்சு. அவன் பங்கு அவனுக்குத்தான்.”

அந்தப் பக்கம் தட்டச்சு நின்றது. “அப்படின்னா விஷயமே வேற,” என்றது குரல். “எட்டாயிரத்தி ஐந்நூறுன்னா உதவி நிக்காது. வாரத்துக்குப் பத்து பவுண்டு குறையும். ஆனா போன்ல நான் எதுவும் மாத்த முடியாது. எழுத்துல வேணும். யார் பணம், எங்கேருந்து வந்துச்சு, எவ்வளவு யாருக்கு. அண்ணனும் கையெழுத்துப் போடணும். நாளைக்கு வந்துட்டா நானே எடுத்து மேல வெக்கிறேன். என் பேரை உறை மேல எழுது, மிஸஸ் ஸ்கெல்டன்.”

“இன்னிக்கே போட்டுடறேன்.”

“முதல் வகுப்பு ஸ்டாம்ப், கண்ணு, அதுதான் மறுநாளே வரும். ரெண்டாம் வகுப்பு போட்டுட்டு இங்க வந்து அழுவாங்க.”

ஜனீன் அணைத்தாள். நெவில் எழுந்து, யார் முகத்தையும் பாராமல், பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கதவைச் சாத்தவில்லை. உப்புக்காற்று உள்ளே வந்து பெக்கின் காகிதங்களைக் கிளப்பியது. அவர் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்.

“போயிட்டாரா?” என்றார்.

“சிகரெட் இங்கதான் இருக்கு,” என்றாள் ஜனீன். “வந்துருவான்.”

கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்திலிருந்து டொங் டொங் என்று சத்தம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெவில் ஒரு கல்லை எடுத்து ‘விற்பனைக்கு’ப் பலகையின் கம்பத்தை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகு குனிகிற முதுகு இல்லை. கல்லோடு சேர்ந்து முழு உடம்பையும் சாய்த்துச் சாய்த்து அடித்தான். பலகை அடங்கியது. அவன் அதன்மேல் கை வைத்து, ஆடுகிறதா என்று பார்த்து, பிறகு முன்வாசல் வழியாக உள்ளே வந்தான்.

“கிளப்புல எல்லார்கிட்டயும் ஏற்கெனவே சொல்லிட்டேன்,” என்றான்.

“என்னன்னு?”

“தங்கச்சிக்கு வீடு வாங்கிக் குடுத்துட்டேன்னு. எர்னி பியர் வாங்கிக் குடுத்தான். அவன் யாருக்கும் தண்ணிகூட வாங்கிக் குடுக்க மாட்டான், தெரியும்ல?” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “முதுகு போனதுக்கு அப்புறம் நான் யாருக்கும் எதுவும் குடுத்ததே இல்ல, ஜனீன். வாங்கறதுதான். கவுன்சில்ல வாங்கு, மருந்துக்கடையில வாங்கு, உன் வீட்டுல ஞாயித்துக்கிழமை சாப்பாடு வாங்கு. ஒரே ஒரு தடவை, பெருசா…”

ஜனீன் கெட்டிலின் பொத்தானைத் தட்டினாள். இந்தத் தடவை தேநீர் போட்டாள். நெவிலுக்கு மூன்று கரண்டிச் சர்க்கரை, கலக்காமல், அவனுக்குப் பிடிக்கிற மாதிரி.

“மேட்டு வாடகை நீ கட்டினே,” என்றாள். “அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்துல பாதி போடலாம். எனக்கு முன்பணத்துக்கு வந்தாப் போதும்.”

“அதெல்லாம் வேண்டாம்.”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“வேண்டாம்னேன்ல. பாதின்னா பாதி. எனிட் வேற தப்பும் தவறுமா எழுதி, அந்த மிஸஸ் ஸ்கெல்டன் வந்து கழிச்சல் என்ன, கூட்டல் என்னன்னு கேப்பா.” அவன் தேநீரை ஊதினான். “அந்தப் பரிசுக் காகிதத்தைக் கிழி, தம்பி.”

“கிழிக்க முடியாதுங்க. வாபஸ்னு எழுதிக் குடுக்கணும்,” என்றார் பெக். முகம் தெளிந்துவிட்டது, மதியத்திலிருந்து தொடாமல் வைத்திருந்த சாண்ட்விச்சைப் பிரித்தார். “பரிசைவிடச் சொந்தப் பணம்னா வங்கிக்கு நிம்மதி. முன்பணம் போக மிச்சம் வக்கீலுக்கும் சாமான் வண்டிக்கும் சரியாப் போகும். கவுன்சில்காரங்க பதில் வந்த அன்னிக்கே எனக்கு அனுப்புங்க.”

“வந்தா,” என்றாள் ஜனீன்.

“வந்தா,” என்று பெக்கும் சொன்னார்.

நான் பேனாவைத் திறந்தேன். தேதி, ஜனீனின் எண், மிஸஸ் ஸ்கெல்டன் பெயர். எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பத்திக்கு ஒரு விஷயம். முதல் பத்தி, பணம் எங்கிருந்து வந்தது. இரண்டாவது, யார் யாருடையது. அங்கே நின்றேன்.

“‘தவறுதலாக என் கணக்கில் போடப்பட்டது’ன்னு எழுதவா?”

“தவறுதலா இல்லியே,” என்றாள் ஜனீன். “அவன் தெரிஞ்சுதான் போட்டான்.”

“‘அன்பினால்’னு போடு,” என்றான் நெவில்.

“கவுன்சிலுக்கு எழுதற கடிதத்துல அன்பா?”

“ஏன், அவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியட்டும்.”

கடைசியில் இப்படி எழுதினேன்: ‘என் அண்ணன் நெவில் ஆக்ஸ்டபி, நான் வீடு வாங்க உதவும் எண்ணத்தில், தன் பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் என் கணக்கில் செலுத்தினார். அவருடைய பங்கு எட்டாயிரத்து ஐந்நூறு பவுண்டை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறேன்.’ ஜனீன் வாய்விட்டுப் படித்தாள். ‘உதவும் எண்ணத்தில்’ வந்தபோது நெவில் மூக்கை உறிஞ்சினான்; சளி பிடித்திருக்கிறது என்றான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நெவிலின் சுழி இந்தத் தடவை கொஞ்சம் சிறியதாக இருந்தது.

பெக்குக்கு ஒரு வாபஸ் கடிதமும், கவுன்சில் கடிதத்தின் நகலும். அவர் அவற்றைப் பையில் வைத்து, ஜனீனின் கையைக் குலுக்கி, நெவிலின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் குலுக்கி, காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். நெவில் நகரவில்லை. என் எழுத்துத்தாள் கட்டை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்தான்.

“எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு, எனிட்.”

“என்னன்னு?”

“எட்டாயிரத்தி ஐந்நூறு வரப்போகுதுன்னு. எனக்கும் பத்து பவுண்டு குறையும்ல? குறைச்சுக்கட்டும்.” ஜனீன் அவனைப் பார்த்தாள். “என்ன பார்க்கறே? உன் கடிதத்துல என் பேரு கொட்டை எழுத்துல இருக்கு. அந்த ஸ்கெல்டன் பொம்பளைக்குப் பக்கத்து மேஜையிலதான் என் ஃபைல் இருக்கும். அவங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.”

எழுதினேன். அது ஜனீனின் கடிதத்தைவிடச் சின்னது. அவனுக்குச் சொல்ல அவ்வளவு இல்லை. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். பிறகு, “ரெண்டும் ஒரே ஆபீசுக்குத்தானே போகுது? ஒரே உறையில போட்டா ஒரு ஸ்டாம்ப் மிச்சம்,” என்றான்.

“ஒரே உறையில போனா ஒரே ஃபைல்ல போய் உட்காரும். அப்புறம் உங்க கடிதத்தை ஜனீன் ஃபைல்ல இருந்து தோண்டி எடுக்கறதுக்கு நான் இன்னொரு கடிதம் எழுதணும்.”

“அதுக்கும் ஒரு ஸ்டாம்ப்,” என்றாள் ஜனீன். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

அவள் தன் உறையின் பசையை நாக்கால் ஈரப்படுத்தி, மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் மூன்று தரம் தேய்த்தாள். மூலை ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி தேய்த்தாள். நெவில் தன்னுடையதை ஒட்டிவிட்டு அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான். ஸ்டாம்ப் நான் கொடுத்தேன், முதல் வகுப்பு.

கடைசித் தபால் எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பெட்டி தெருமுனையில், மூடிப்போன பேக்கரிச் சுவரில் இருக்கிறது. கதவைத் திறந்தபோதே சிவப்பு வண்டி வந்து நிற்பது தெரிந்தது. ஜனீன் சமையலறைச் செருப்போடு இறங்கி ஓடினாள். நெவில் ஓட முடியாதவன்; பின்னால் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஏய் தம்பி! நில்லு! ரெண்டு இருக்கு!” என்று கத்திக்கொண்டே போனான். நான் அவனோடு நடந்தேன்.

தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களைச் சாக்குப்பைக்குள் சரித்துக்கொண்டிருந்தார். ஜனீன் மூச்சு வாங்க நின்று உறையை நீட்டினாள். அவர் பையின் வாயை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தார். அவள் போட்டாள். அது மற்றவற்றின்மேல், முகவரி மேலாக, விழுந்தது.

“இன்னொண்ணு இருக்குன்னு சொன்னீங்களே?”

“வருது, வருது,” என்றாள் ஜனீன்.

நெவில் வந்து சேர்ந்தான். தன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பைக்குள் எட்டிப் பார்த்தான். “காலைல அங்க போயிருமா?”

“முதல் வகுப்புதானே? போயிரும்.”

“பத்து பவுண்டு,” என்றான் நெவில், தபால்காரரிடம், அவருக்கு என்ன புரியுமோ. பிறகு தங்கையின் கடிதத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் போட்டான். தபால்காரர் பையின் வாயைச் சுருக்குப் போட்டு இறுக்கி, வண்டிக்குள் எறிந்து, கதவைச் சாத்தினார்.